மகனை 'சேர்ர வீட்டுக்கு' அனுப்பி ஒரு வருடம்

பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு இடத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். செங்கலடிச் சந்தி தாண்டி வந்தாறுமூலைப் பக்கம் போகும்போது உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் நடக்கும் இரவு வகுப்பு. கம்பஸில் உதைபந்து விளையாடும் பொடியன்களுக்கு மட்டும். அந்த ஆசிரியரை எல்லோரும் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் பொடியன்கள் அந்த இடத்தைச் 'சேர்ர வீடு', அதாவது சேருடைய வீடு, என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். என் மகன் அங்கே போகத் தொடங்கி போன மாதத்தோடு ஒரு வருடம் முடிந்தது. இதே நிலையில் இருக்கிற தாய் தகப்பன்மார் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்காக விரிவாகவே எழுதுகிறேன்.

மகன் வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வர்த்தக முகாமைத்துவ பீடம், இரண்டாம் வருடம், டீமில் ரைட் பெக். காரைதீவில் இருக்கும் என் தங்கையின் மகன் ஒலுவில் பக்கத்துத் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞானம் படிக்கிறான், அவனும் பந்துக்காரன், முன்னுக்கு ஆடுகிறவன். சின்ன வயதில் களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரே பந்தை உதைத்த இரண்டு பேரும் இப்போது எதிரெதிர் ஜேர்சியில் நிற்கிறார்கள். வந்தாறுமூலையும் ஒலுவிலும் மோதும் நாள் என்றால் குடும்ப வட்ஸ்அப் குழுவில் காலையிலேயே சத்தம் தொடங்கிவிடும், தங்கச்சி எனக்குக் கோல் எடுத்து "அக்கா, இண்டைக்குப் பாருங்க" என்பாள். எல்லாம் சந்தோசம்தான். ஆனால் முதல் வருட ரிசல்ட்ஸ் வந்த நாளில் இரண்டு வீட்டிலும் சத்தமே இல்லை.

மகன் உயர்தரம் வரை தமிழில் படித்தவன். கம்பஸில் எல்லாம் ஆங்கிலம். காலை எட்டு மணிக்கு விரிவுரை, பின்னேரம் நாலு மணிக்கு கிரவுண்ட், இருட்டும் வரை பிரக்டிஸ், ஹொஸ்டலுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டால் கண் தானாக மூடும். வரவு 80 வீதத்துக்குக் கீழே போகாமல் எப்படியோ பிடித்துக்கொண்டான், ஆனால் வகுப்பில் உடம்பு மட்டும்தான் இருந்தது. கணக்கியலும் வணிகப் புள்ளிவிபரவியலும் இரண்டும் போயிற்று. ரிப்பீட் எழுதினால் எவ்வளவு திறமாக எழுதினாலும் சி-க்கு மேல் கிடைக்காது என்பது கம்பஸ் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தெரியும், அந்தச் சி கடைசி வருடம் வரை ஜிபிஏயை, அதாவது மொத்தப் புள்ளிச் சராசரியை, கீழே இழுத்துக்கொண்டே வரும். நான் ஒரு ஆசிரியை. ஊரார் பிள்ளைகளின் மார்க்ஸ் பற்றி அவர்களுடைய பெற்றோரோடு கதைக்கிறவள். சொந்தப் பிள்ளையின் பேப்பரை வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்ற நாள் அது.

அதற்கு முன்னர் வேறொரு இடத்தில் சேர்த்திருந்தோம். பெயர் வேண்டாம். கம்பஸ் பிள்ளைகளுக்கு 'உதவி' செய்கிறோம் என்று சொல்கிற இடம். உதவி என்றால் எசைன்மென்டை அவர்களே செய்து கையில் தருவது. மகன் எனக்குச் சொல்லாமல் 6,000 ரூபா கொடுத்து ஒன்றை வாங்கியிருக்கிறான். அதே எசைன்மென்டை இன்னும் இரண்டு பேருக்கும் விற்றிருக்கிறார்கள், மூன்று பேருக்கும் பூச்சியம். காசு போனதை விட, அவன் அதை ஒரு குற்றமாகவே நினைக்கவில்லை என்பதுதான் என் நெஞ்சை அடைத்தது. "அம்மா, டீமில நிறையப் பேர் இப்பிடித்தான் செய்யிறாங்க" என்றான். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் விளையாட்டை விடச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். டீமில் மூத்த பொடியன் ஒருவன்தான் எங்களைச் சேர்ர வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

முதல் நாள் நானும் போனேன். விறாந்தையில் இரண்டு வெள்ளைப் பலகை, இருபது பிளாஸ்டிக் கதிரை, ஒரு நீளமான மேசை, மாமரத்தடியில் கிணறு. கிரவுண்டிலிருந்து நேராக வருகிறவர்கள் கிணற்றடியில் குளித்துவிட்டு வரலாம், சவர்க்காரம் கூட அங்கேயே இருக்கிறது. அவித்த பயறோ கடலையோ ஒரு கிண்ணம், ஒரு பிளேன் டீ. பந்தடித்துவிட்டு வரும் பிள்ளை வெறும் வயிற்றோடு கணக்குச் செய்யாது என்று அந்த வீட்டு அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஏழே காலுக்குத் தொடங்கி ஒன்பதே காலுக்கு முடியும், திங்கள் முதல் வியாழன் வரை. மாதம் 2,500 ரூபா. கொடுக்க முடியாதவர்களிடம் கேட்பதே இல்லை, யார் கொடுக்கிறார்கள் யார் கொடுக்கவில்லை என்பது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

சேர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி மார்க்ஸ் பற்றி இல்லை. "டீச்சர், மகன் ஒரு கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் விளையாடுறார்?" எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அங்கேயே ஒரு கொப்பியைக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் பிரக்டிஸ் எத்தனை மணி, படிப்பு எத்தனை மணி என்று எழுதச் சொன்னார். கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் பந்து போனால் அவரே கோச்சோடு கதைப்பார். அந்த 20 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டபோதுதான் அமெரிக்கக் கதை வெளியில் வந்தது.

சேர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர். நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து வந்த அமெரிக்க இயேசு சபை அடிகளார்கள் அங்கே படிப்பித்த காலம். நகரத்து வெபர் மைதானம் அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அந்த நாளில் பிடித்த ஆர்வம், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பற்றி எது கிடைத்தாலும் வாசிப்பார். அங்கே புட்போல் என்பது வேறு விளையாட்டு, தலைக்கவசம் போட்டுக் கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, அது எங்களுக்குத் தேவையில்லை. ஆனால் பல்கலைக்கழகத்துக்காக ஆடும் பிள்ளை படிக்கவும் வேண்டும் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் விதிகள் உண்மையிலேயே பார்க்கவேண்டியவை. நான் வீட்டுக்கு வந்து இரவிரவாகத் தேடி வாசித்தேன்.

என்.சி.ஏ.ஏ என்ற அமைப்புத்தான் அங்கே பெரும்பாலான கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிறது. முதல் தரப் பிரிவில் ஆட வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்தில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்து அவற்றில் 2.3 ஜிபிஏயாவது எடுத்திருக்க வேண்டும். கம்பஸுக்குள் வந்த பிறகும் விடமாட்டார்கள்: இரண்டாம் வருட முடிவில் பட்டத்துக்குத் தேவையானதில் 40 வீதம், மூன்றாம் வருட முடிவில் 60, நான்காம் வருட முடிவில் 80 வீதம் முடித்திருந்தால்தான் தொடர்ந்து ஆடலாம். போட்டிக் காலத்தில் பயிற்சிக்குக் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான். இதெல்லாம் தாளில் இருக்கிறபடி நடக்கிறதா என்பது வேறு விசயம், அதற்கு வருகிறேன்.

சேர் இவற்றில் இருந்து எடுத்துக்கொண்டது ஒரேயொரு கணக்கு. இந்த வகுப்பை மற்ற ரியூட்டரிகளில் இருந்து பிரித்துக் காட்டுவதும் அதுதான். அங்கே ஒவ்வொரு டீமுக்கும் ஒரு கல்விப் புள்ளி உண்டு, 2003 அளவில் கொண்டு வந்தார்கள். புலமைப்பரிசில் வாங்கும் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு தவணைக்கு இரண்டு புள்ளி: படிப்பில் தேறி ஆடத் தகுதியோடு இருந்தால் ஒன்று, கம்பஸை விட்டுப் போகாமல் இருந்தால் ஒன்று. டீம் முழுவதும் எடுத்ததை, எடுக்கக்கூடிய மொத்தத்தால் வகுத்து 1000-ஆல் பெருக்குவார்கள். நாலு வருடச் சராசரி 930-க்குக் கீழே போனால் அந்த டீம் வருடக் கடைசிப் பெரிய போட்டிகளுக்குப் போக முடியாது. நட்சத்திர ஆட்டக்காரன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அவனால் இரண்டு புள்ளிக்கு மேல் தர முடியாது. பெஞ்சில் இருக்கிற பொடியனும் அதே இரண்டுதான்.

இந்தக் கணக்கைச் சேர் அப்படியே விறாந்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். அவரிடம் வரும் வந்தாறுமூலைப் பொடியன்கள் 22 பேர், மொத்தம் 44 புள்ளி. மகன் சேருவதற்கு முந்தின செமஸ்டரில் 38. கணக்குப் பார்த்தால் 864. பலகையின் மேலே சிவப்பில் 930 என்று ஒரு கோடு, கீழே நீலத்தில் 864. மகன் முதல் கிழமையே எனக்குப் போன் எடுத்து, "அம்மா, என்னால டீமுக்குப் புள்ளி போயிடக்கூடாது" என்றான். நான் இரண்டு வருடமாகச் சொல்லியும் ஏறாதது அந்தப் பலகையைப் பார்த்து ஏறியிருக்கிறது. டீமுக்காக முழங்காலை உடைக்கத் தயாராக இருக்கிற பிள்ளைகளிடம், படிப்பையும் டீமுக்காகச் செய் என்று சொன்னால் அது விளங்குகிறது. என் ஆசிரியத் தொழிலில் நான் இதை யோசிக்கவே இல்லை.

வகுப்பு நடக்கும் விதம் இப்படி. முதல் இருபது நிமிடம் ஒவ்வொருவரும் அன்றைக்கு விரிவுரையில் நடந்ததைத் தமிழில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வகுப்பில் தூங்கியிருக்கிறான் என்று அர்த்தம், விரிவுரையில் கொடுத்த ட்யூட்டை (பாடக் குறிப்பை) எடுத்து வைத்துத் திரும்ப வாசிக்க வேண்டும். அப்புறம்தான் கணக்கு. கணக்கியல், புள்ளிவிபரம், கணிதம் மூன்றும் சேர் நேரடியாகப் பார்க்கிறார். ஆங்கிலத்துக்குச் செவ்வாயும் வியாழனும் ஒரு பட்டதாரி மிஸ் வருகிறார், இலக்கணம் படிப்பிப்பதில்லை, அவரவர் பாடப் புத்தகத்தையே எடுத்து ஒரு பந்தியை வாசித்து என்ன விளங்கியது என்று கேட்கிறார். மற்றப் பாடங்களுக்கு மூத்த பொடியன்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எசைன்மென்டில் சேர் ஒரு வரி கூட எழுதித் தரமாட்டார். மகன் முதல் மாதம் கெஞ்சியிருக்கிறான். "பேனை உன்ர கையில இருக்கு மனே, நான் பக்கத்துல இருக்கன்" என்று சொல்லிவிட்டு, இரவு பத்து மணி வரை உண்மையாகவே பக்கத்தில் இருந்திருக்கிறார்.

இந்தப் பிடிவாதம் ஏன் முக்கியம் என்பதற்குச் சேர் பொடியன்களுக்குச் சொல்கிற கதை வட கரோலினாக் கதை. அதை இங்கேயும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக்கழகமும் டியூக் பல்கலைக்கழகமும் பரம எதிரிகள், இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 10 மைல், மட்டக்களப்பு நகரத்தில் இருந்து வந்தாறுமூலை போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே படிப்பில் பெயர் போனவை. அப்படிப்பட்ட வட கரோலினாவில் 1993 முதல் 2011 வரை, 18 வருடம், ஒரு துறையில் வகுப்பே நடக்காத பாடங்கள் இருந்தன. கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும், அதையும் ஒழுங்காக வாசிக்காமல் நல்ல மார்க்ஸ் போட்டுவிடுவார்கள். 2014-ல் வெளிவந்த விசாரணை அறிக்கையின்படி 3,100-க்கு மேற்பட்ட மாணவர்கள் அந்தப் பாடங்களை எடுத்திருந்தார்கள், அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள், அமெரிக்கப் புட்போல்காரர்களும் கூடைப்பந்துக்காரர்களும் அதில் நிறைய. 2017-ல் என்.சி.ஏ.ஏயால் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தண்டனை எதுவும் கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பாடங்கள் வீரர்களுக்கு மட்டுமல்லாமல் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன.

இதை வாசித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. புள்ளி வைத்து, கோடு போட்டு, தண்டனை வைத்தால் மட்டும் போதாது, அந்தப் புள்ளியைக் காப்பாற்றவே பொய்ப் பாடம் நடத்துகிறவர்கள் வருவார்கள். 6,000 ரூபாவுக்கு எசைன்மென்ட் விற்றவர்கள் செய்ததும் சின்ன அளவில் அதையேதான். ஏமாந்தது கம்பஸ் இல்லை, பிள்ளை. பந்து நின்ற பிறகு கையில் ஒரு பட்டம் இருக்கும், அதற்குள்ளே ஒன்றும் இருக்காது. சேர்ர வீட்டில் அப்படி ஒரு வரி கூட விற்கப்படுவதில்லை என்பதால்தான் நான் இதை மனம் விட்டுப் பாராட்டுகிறேன்.

நல்ல கதைகளும் சுவரில் இருக்கின்றன. பிரின்ட் எடுத்து ஒட்டியிருக்கிறார். மைரன் ரோல் என்பவர் புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கப் புட்போல் ஆடியவர், பட்டத்தை இரண்டரை வருடத்தில் முடித்தவர். 2008 நவம்பரில், ஒக்ஸ்போர்டில் படிக்கக் கொடுக்கும் ரோட்ஸ் புலமைப்பரிசிலுக்கான நேர்முகத் தேர்வும் மேரிலாந்தில் போட்டியும் ஒரே நாளில் வந்துவிட்டன. தேர்வு அலபாமாவில், பர்மிங்ஹாமில். பகலில் தேர்வுக்குப் போய்ப் புலமைப்பரிசிலை வென்று, விமானத்தில் பறந்து, போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்துக்கு வந்து சேர்ந்து ஆடினார். பிறகு ஒக்ஸ்போர்ட், 2010-ல் தொழில்முறை அணித் தெரிவு, அதற்குப் பிறகு மருத்துவக் கல்லூரி. இன்று அவர் மூளை நரம்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர். எங்கள் பொடியன்கள் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களாம்.

அதற்குப் பக்கத்தில், அதே புட்போலில் பரம எதிரிகளான ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் பல்கலைக்கழகங்களுக்கு எதிரெதிராக இரண்டு படங்கள். இவர்கள் மோதும் நாளில் மிச்சிகன் மைதானத்தில் ஒரு இலட்சத்துக்கு மேல் ஆட்கள் இருப்பார்கள். ஒஹாயோ பக்கம் கிரெய்க் கிரென்சல், மூலக்கூற்று மரபியல் படித்துக்கொண்டே 2002-ல் அந்த டீமை முன்னின்று நடத்தி, மிச்சிகனை 14-9 என்று வென்று, ஒரு தோல்வியும் இல்லாமல் நாட்டின் சம்பியன் ஆக்கியவர். மிச்சிகன் பக்கம் ஜெரால்ட் போர்ட், 1932-லும் 1933-லும் சம்பியன் டீமில் இருந்தவர், தொழில்முறை அணிகள் கூப்பிட்டும் போகாமல் யேலில் சட்டம் படித்து 1974-ல் அமெரிக்க ஜனாதிபதியானவர். யாருடைய டீம் பெரியது என்று பொடியன்கள் பலகைக்கு முன்னால் சண்டை பிடிக்கும்போது சேர் இந்த இரண்டு படத்தையும் காட்டி, எதிரிகள் இதிலும் போட்டி போடலாம் என்று சொல்கிறாராம். கல்லூரிப் புட்போல்காரர்களுக்குக் கேம்பல் விருது என்று ஒன்றும் இருக்கிறது, 1990 முதல் கொடுக்கிறார்கள், ஆட்டத்தில் சிறந்திருந்தால் மட்டும் போதாது, ஜிபிஏ 3.2-க்குக் குறையக்கூடாது. 1997-ல் பெய்ட்டன் மானிங், 2019-ல் ஜஸ்டின் ஹெர்பர்ட் என்று பெரிய ஆட்டக்காரர்களே வாங்கியிருக்கிறார்கள்.

இங்கே எங்களுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்பது என் ஆசை. நம் கம்பஸ்களில் 3.70 எடுத்தால் முதலாம் வகுப்பு, 3.30 எடுத்தால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00 எடுத்தால் கீழ்ப்பிரிவு. அதைப் பட்டமளிப்பு விழாவில் வாசிப்பார்கள். விளையாட்டில் சிறந்தவர்களுக்குக் 'கலர்ஸ்' விருது கொடுக்கும் நாள் வேறு நாள், வேறு மேடை. கலர்ஸ் வாங்கிய ஒரு பிள்ளை இரண்டாம் மேற்பிரிவும் எடுத்தால் இரண்டையும் ஒன்றாகச் சொல்ல ஒரு மேடை இல்லை. வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் நடுவே ஒரு கோப்பை வைத்து, கோல் எண்ணிக்கையோடு இந்தக் கல்விப் புள்ளியையும் கூட்டிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று நான் தங்கையிடம் சொன்னேன். அவளுக்கும் பிடித்துப்போயிற்று.

அந்த ஆசையில் பாதி சேர்ர வீட்டில் நடந்தும் இருக்கிறது. இந்த வருடம் தங்கையின் மகனும் அவனுடைய டீம் கூட்டாளிகள் ஐந்து பேரும் சூமில் சேர்ந்தார்கள். வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் இடையில் 70 கிலோமீற்றருக்கு மேல், வேறு வழியில்லை. பலகையில் அவர்களுக்கும் ஒரு கட்டம் போட்டார் சேர். ஆறு பேர், 12 புள்ளி. போன செமஸ்டர் முடிவில் அவர்கள் 11 எடுத்தார்கள், 917. வந்தாறுமூலை 44-க்கு 41, 932. கோட்டைத் தாண்டியது இதுதான் முதல் தடவை. அந்தப் புள்ளிகளைப் போட்ட இரவு பொடியன்கள் விறாந்தையில் இருந்து எழுப்பிய சத்தம் கோல் அடித்த சத்தம் மாதிரி இருந்ததாக மகன் சொன்னான். மகனுடைய இரண்டு புள்ளியும் அதில் இருக்கிறது. கணக்கியல் ரிப்பீட்டில் சி, எதிர்பார்த்ததுதான். ஆனால் புதிய பாடங்களில் இரண்டு பி, ஒரு பி பிளஸ், எல்லாம் அவனே எழுதியது.

போன மூன்று புள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு புள்ளி இரண்டு பேர் தேறாததால் போனது, அவர்கள் இப்போதும் வருகிறார்கள், முன்வரிசையில் இருக்கிறார்கள். மூன்றாவது புள்ளி ஒரு மூன்றாம் வருடப் பொடியனுடையது. பரீட்சை எல்லாம் தேறினவன். தகப்பனுக்குச் சுகமில்லை, வீட்டில் இரண்டு தங்கச்சிமார், கட்டாரில் வேலை கிடைத்தது, போய்விட்டான். அமெரிக்கக் கணக்குப்படி அவனுக்கு இரண்டில் ஒன்று. சேர் அந்த ஒன்றைப் போட்டுவிட்டு அவன் பெயரைப் பலகையில் இருந்து அழிக்கவில்லை. ஏன் என்று மகன் கேட்டதற்கு, "போனவன் திரும்பி வரலாம், வந்தா பெயர் இருக்கோணும்" என்றாராம். இந்த ஒரு இடத்தில்தான் அந்தக் கணக்கு எங்கள் ஊருக்குப் போதாது என்று எனக்குப் பட்டது. அங்கே முழுப் புலமைப்பரிசில் வாங்கும் பிள்ளைக்குச் சாப்பாடு, தங்குமிடம், பாடக் கட்டணம் எல்லாவற்றையும் கம்பஸ் பார்க்கும். இங்கே பாடக் கட்டணம் இல்லாவிட்டாலும், வீட்டுப் பாரம் பிள்ளையின் தோளிலேயே இருக்கிறது. சேர் அவனோடு மாதம் ஒருமுறை போனில் கதைக்கிறார், எப்போது திரும்பிப் பதிவு செய்யலாம் என்று பீடத்தில் விசாரித்தும் வைத்திருக்கிறார். எந்த ரியூட்டரியில் இதைச் செய்வார்கள்?

சரி, குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். சூம் வகுப்பு நன்றாக இல்லை. சேர் பலகையில் எழுதுவது கமெராவில் பாதி தெரியாது, பொடியன்கள் கதைக்கிற சத்தத்தில் அவருடைய குரலும் அடிபட்டுப்போகும். தங்கையின் மகன் சம்மாந்துறையில் இருக்கும் தன் பீடத்தில் வகுப்பு முடித்து, ஒலுவில் கிரவுண்டுக்குப் போய் விளையாடி, களைத்துப்போய்ப் போனுக்கு முன்னால் இருக்கிறவன், அவனுக்கு இது கஷ்டம். அவனுக்குப் பௌதிகமும் வேண்டும், அதற்கு இங்கே ஆள் இல்லை. விஞ்ஞானம், தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கிறவர்கள் கணிதத்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு சேருங்கள். தங்கை இப்போது அவனை இரண்டு கிழமைக்கு ஒருமுறை வியாழன் பின்னேரம் நேரிலேயே அனுப்பி, இரவு மகனோடு தங்க வைக்கிறாள். அது எவ்வளவோ பரவாயில்லை.

இடமும் போதாது. இருபது கதிரைக்கு இருபத்திரண்டு பேர், மழைக்காலத்தில் சாரல் உள்ளே அடிக்கும், மாரியில் நுளம்புத் தொல்லை தாங்காது. மார்கழி மாதம் இரண்டு கிழமை ஒழுங்கையில் வெள்ளம் ஏறி வகுப்பே நடக்கவில்லை, பரீட்சைக்குக் கிட்டின நேரம், அப்போது சூமில் எல்லாரையும் சேர்த்திருக்கலாம், செய்யவில்லை. வகுப்பு முடிந்து போக பஸ் பிடிப்பதும் சிரமம், ஹொஸ்டல் பொடியன்கள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஒன்றாகப் போகிறார்கள், நகரத்தில் இருந்து வருகிறவர்கள் முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும்.

எனக்குப் பெரிய குறை ஒன்று இருக்கிறது, நேரிலேயே சொல்லியும் விட்டேன். பெண் பிள்ளைகளுக்கு இடமில்லை. கம்பஸில் பெண் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள், அவர்களும் அதே வெயிலில் ஓடிவிட்டு அதே பரீட்சைக்குத்தான் போகிறார்கள். இரவு நேரம், வீட்டுக்காரர் விடமாட்டார்கள் என்றார் சேர். அது உண்மைதான், அதனால்தான் சனிக்கிழமை காலையில் வையுங்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றார். ஆங்கில மிஸ் சம்மதித்துவிட்டார், நானும் சனிக்கிழமைகளில் களுவாஞ்சிகுடியில் இருந்து வந்து உதவுவதாகச் சொல்லியிருக்கிறேன். வைகாசிக்குள் தொடங்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

சேர விரும்புகிறவர்கள் செமஸ்டர் தொடங்கும் முதல் கிழமையிலேயே போங்கள், பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது போனால் எடுக்கமாட்டார். விலாசம் கேட்டால் டீமில் யாரும் சொல்வார்கள். தாயோ தகப்பனோ ஒரு தடவையாவது கூடப் போக வேண்டும், அதில் அவர் கண்டிப்பு. போகும்போது பிள்ளையின் வரவு விபரத்தைக் கையோடு கொண்டு போங்கள். விளையாட்டுச் சான்றிதழ்களை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம், அதை அவர் பிறகு, டீமோடு இருக்கும்போது, தானே கேட்டு வாங்கிப் பார்ப்பார்.